சைக்கிள் அல்ல, சிக்கிள்!

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பருக்குப் பெண் பார்க்கிறார்கள். "எட்டுப் பொருத்தம் இருக்குதுங்க" என்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னார். "ரத்தம் பாத்தாச்சுங்களா?" என்றேன். "ஓ பாசிட்டிவ்தானுங்க!" நான் கேட்டது அதை இல்லை. சிக்கிள் செல், தலசீமியா என்று ஆரம்பித்தேன். "சைக்கிள் செல்லா?" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பாக்கியை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

சிக்கிள் என்றால் அரிவாள். நம் சிவப்பணு பார்க்க உளுந்து வடை மாதிரி. நடுவில் ஓட்டை போடாமல் லேசாக அமுக்கிவிட்ட வடை. ஹீமோகுளோபின் ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போச்சு. 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. டைப்பிங் மிஸ்டேக்தான். ஆனால் ஆக்ஸிஜன் குறையும்போது வடை அரிவாளாக வளைந்து, சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். எலும்புக்குள் வலி உயிரை எடுக்கும். 120 நாள் வாழ வேண்டிய அணு பத்து, இருபது நாளில் காலி.

ஏதோ ஆப்பிரிக்கா சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1952ல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை நம் நீலகிரி மலைவாசிகளிடம் பார்த்து எழுதினார்கள். மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை! மலையில் ஏன் என்றால், மலேரியா. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த ஜீன் வந்தால் அவர் 'கேரியர்'. நோய் வராது, கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு. இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் நோய். அப்பா அம்மா எடுத்த இன்ஷூரன்ஸுக்குப் பிள்ளை பிரீமியம் கட்டுகிறான்.

கூடலூர் அஸ்வினி ஆஸ்பத்திரியும் கோத்தகிரி 'நாவா' அமைப்பும் பல வருஷமாக ஆதிவாசிகளுக்கு இதற்கான வைத்தியம் பார்த்து வருகின்றன.

இப்போது ஜீனையே வெட்டி ஒட்டும் 'கிரிஸ்பர்' வந்தாச்சு. கண்டுபிடித்த சார்ப்பென்டியே, டௌட்னா என்ற இரண்டு பெண்மணிகளுக்கு 2020ல் நோபல் பரிசு. 2023 நவம்பரில் பிரிட்டன், டிசம்பரில் அமெரிக்கா 'காஸ்ஜெவி' சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன. தந்திரம் அழகானது. கருவில் இருக்கும்போது நமக்கெல்லாம் வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் பிசிஎல்11ஏ என்ற ஜீன் அதை 'ஆஃப்' செய்துவிடுகிறது. நோயாளியின் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, அந்த ஸ்விட்சைக் கெடுத்து, திரும்ப ஏற்றுகிறார்கள். குழந்தை ரத்தம் மறுபடி ஊறுகிறது! ஆனால் ஏற்றும் முன் கீமோ கொடுத்துப் பழைய மஜ்ஜையைத் துடைத்தெடுக்க வேண்டும். அது லேசுப்பட்ட விஷயம் இல்லை. பில்? 22 லட்சம் டாலர். ரூபாயில் பதினெட்டுக் கோடிக்கு மேல். மலைக் கிராமத்தில் தேயிலை பறிக்கிறவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நம்மவர்களும் சும்மா இல்லை. டெல்லி ஐஜிஐபி விஞ்ஞானிகளின் 'பிர்சா 101' சிகிச்சை 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பிர்சா முண்டாவின் பெயர். மலிவாகத் தயாரிக்க சீரம் இன்ஸ்டிடியூட்டுடன் ஒப்பந்தம். வேலூர் சிஎம்சியில் ஹீமோபீலியாக்காரர்கள் ஐந்து பேருக்கு ஜீன் சிகிச்சை செய்து ரத்தக் கசிவை நிறுத்தியது 2024ல் வெளிவந்தது. அது வெட்டு ஒட்டு இல்லை, புது ஜீனைச் சேர்ப்பது. எதுவானாலும் வேலூர்தானே, பக்கம்தான்.

இதெல்லாம் கைக்கு எட்டும்வரை? ஹைட்ராக்ஸியூரியா என்ற விலை குறைந்த மாத்திரை இருக்கிறது. அதுவும் அந்தக் குழந்தை ஹீமோகுளோபினைத்தான் கூட்டுகிறது. மாத்திரை தவறாமல் மலை ஏறினால் எத்தனையோ பேருக்கு வலி குறையும். என்னைக் கேட்டால் முதல் காசு அதற்குத்தான்.

நமக்கு? இந்தியாவில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர் தலசீமியா கேரியர்கள். பார்க்க ஜம்மென்று இருப்பார்கள். ரெண்டு கேரியர்கள் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அதற்காகப் பெண்ணை வேண்டாம் என்பது அநியாயம். ஒருவர் மட்டும் கேரியர் என்றால் அந்த நோய் பற்றிய பயமே இல்லை. ரெண்டு பேருமே என்றாலும் டாக்டரிடம் கேட்டு, கருவிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

லேபில் 'ஹெச்.பி.எல்.சி.' டெஸ்ட் என்று கேளுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்.