நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு செல்லுதல்

நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு செல்லுதல் (கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்) என்பது ஒரு பழைய ஆங்கில மரபுத்தொடராகும். ஒரு பொருள் ஏற்கெனவே மிகுந்திருக்கும் இடத்திற்கே அதைக் கொண்டு செல்லும் தேவையற்ற செயலை இது குறிக்கிறது.

தோற்றம்

வடகிழக்கு இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் உள்ள நகரம் நியூகாசில். அதைச் சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. நடுக்காலத்திலிருந்தே இங்கிருந்து லண்டனுக்குக் கப்பலில் நிலக்கரி சென்றது. கடல்வழி வந்ததால் லண்டன் மக்கள் அதைக் 'கடல்கரி' என்றனர். நாட்டுக்கே நிலக்கரி அனுப்பும் ஊருக்கு வெளியிலிருந்து நிலக்கரி கொண்டு போவது வீண் என்பதே தொடரின் உட்பொருள். இத்தொடர் 17ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது.

தமிழில் எடுத்துரைத்தல்

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால், நியூகாசிலை அறியாத வாசகருக்குப் பொருள் விளங்காது. 'வீண் வேலை' என்று மட்டும் எழுதினால், அது ஏன் வீண் என்பது விடுபடும். 'விழலுக்கு இறைத்த நீர்' என்பதும் முழுமையாகப் பொருந்தாது. அது தகுதியற்ற இடத்தில் செய்த உழைப்பைக் குறிக்கும். நியூகாசிலிலோ குறை எதுவும் இல்லை, நிறைவே காரணம். 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது' என்ற பழமொழியே மிக நெருக்கமானது.

எடுத்துக்காட்டாக, 'தேயிலைத் தோட்ட உரிமையாளருக்குத் தேயிலைப் பொட்டலம் பரிசளிப்பது நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு செல்வதாகும்' என்னும் வாக்கியத்தை, 'அவரிடம் வேண்டிய மட்டும் உள்ள தேயிலையையே அவருக்குப் பரிசளிப்பதில் பயனில்லை' என விளக்கி எழுதலாம்.

பிற மொழிகளில்

பண்டைய கிரேக்கர்கள் இதே கருத்தை 'ஏதென்சுக்கு ஆந்தைகள்' என்றனர். ஆந்தை ஏதென்சின் சின்னம்; அந்நகர நாணயங்களிலும் அது பொறிக்கப்பட்டிருந்தது. உருசிய மொழியில் 'தூலாவுக்குச் சொந்த சமோவாருடன் போவது' என்பர். சமோவார் என்பது தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் கலம். தூலா நகரம் அதன் தயாரிப்புக்குப் பெயர்பெற்றது.

மாறிய நிலை

20ஆம் நூற்றாண்டில் அப்பகுதிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டைன் துறைமுகத்திலேயே வெளிநாட்டு நிலக்கரி வந்து இறங்கியது. பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் 2024இல் மூடப்பட்டது. எனவே, இன்றைய நியூகாசிலை மட்டும் அறிந்தவர் இத்தொடரைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளக்கூடும். தொடர் பிறந்த காலத்து நிலையைக் கருத்தில் கொண்டே அதன் பொருளை அறிய வேண்டும்.