மசகும் தீவனமும்

கொங்கு நாட்டில் மாட்டு வண்டிகள் ஓடிய காலத்தில், அச்சுக்கு மை இடாமல் எவரும் நெடுவழி புறப்படுவதில்லை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்த அந்த மை, அச்சுக்கும் சக்கரக் குடத்துக்கும் இடையே நின்று உராய்வைக் குறைக்கும். காளைகள் அந்த அளவுக்கு இளைப்பின்றி இழுக்கும். ஆனால், மை இட்டுவிட்டோம், இனி மாட்டுக்குப் பாதித் தீவனம் போதும் என்று கருதிய வண்டிக்காரர் ஒருவரும் இலர். மசகு வேறு, தீவனம் வேறு என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

இன்று கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஈரோட்டுக்கும் சத்தியமங்கலத்துக்கும் செல்லும் சாலைகளில் காளைகளின் இடத்தைக் காரும் லாரியும் பிடித்துக்கொண்டன. 1920-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்துடன் தொழில் தொடங்கிய நாள் முதல், நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் இன்று வரிசையாக நிற்கும் லாரிகள் வரை, இப்பகுதியில் வண்டி வைத்திருப்போர்க்கு எரிபொருட் செலவு தீராத கவலையாகவே இருந்து வருகிறது. கவலை உள்ள இடத்தில் மருந்து விற்பவரும் வருவது இயல்பே. விலை மிகுந்த சிந்தெடிக் ஆயில் ஒரு பக்கம். பெட்ரோலில் ஊற்றிக் கலக்கும் சிறு புட்டி மறு பக்கம். இரண்டுமே மைலேஜைக் கூட்டும் என்று சொல்லப்படுகின்றன. இச்சொல்லில் உண்மை எவ்வளவு என்று காண்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வரவு செலவுக் கணக்கு ஒன்று போட்டாலே போதும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றல் ஏறக்குறைய 32 மெகாஜூல். இதுவே வரவு. எஞ்சின் எவ்வளவு உயர்ந்ததாயினும் இதற்கு மேல் ஓர் இம்மியும் பெற முடியாது. செலவைப் பார்ப்போம். சாதாரணப் பெட்ரோல் காரில், நூறு பங்கு ஆற்றலில் அறுபதுக்கு மேற்பட்ட பங்கு வெப்பமாகவே, புகைக் குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. பிஸ்டனைத் தள்ளும் வேலையாக மாறுவது சுமார் முப்பது பங்கு. அந்த முப்பதிலும் ஏறத்தாழ மூன்று பங்கு எஞ்சினுக்குள்ளேயே உராய்வில் அழிகிறது. எஞ்சியதில் காற்றை உள்ளிழுக்கவும், பம்பு முதலிய துணைக் கருவிகளை ஓட்டவும், கியர்களைச் சுழற்றவும் போக, மிகுவதே சக்கரத்தை அடைகிறது. இவ்வெண்கள் வண்டிக்கு வண்டி மாறும். எனினும் கணக்கின் உருவம் மாறுவதில்லை.

எஞ்சின் ஆயில் கை வைக்கக்கூடிய இடம் அந்த உராய்வு ஒன்றுதான். அது பிஸ்டன் செய்யும் வேலையில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே, உராய்வே இல்லாத எஞ்சினை எவரேனும் படைத்துவிட்டாலும் மிச்சமாகும் பெட்ரோல் நூற்றுக்குப் பத்து அளவிலேயே நிற்கும். உராய்வை முற்றும் ஒழிக்க எந்த ஆயிலாலும் இயலாது. பத்திலொரு பங்கோ, ஐந்திலொரு பங்கோ குறைக்கலாம். அப்படிக் குறைத்தால் கிடைக்கும் சிக்கனம் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. சோதனைகள் கூறுவதும் இதையே. தயாரிப்பாளர் குறித்த ஆயிலை விட்டுக் கெட்டியான ஆயிலை ஊற்றுவதால் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை மைலேஜ் குறைகிறது. குறித்த ஆயிலுக்கு மாறினால் அந்த அளவே மீண்டும் கிடைக்கிறது. முப்பது கூடும் என்பவர், உராய்வு முழுவதையும் ஒழித்தாலும் கிடைக்காததைத் தருவதாகச் சொல்கிறார்.

அவ்வாறாயின் சிந்தெடிக் ஆயில் வீணா? அன்று. நிலத்தடி எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த ஆயிலில் பல அளவுள்ள மூலக்கூறுகள் கலந்து கிடக்கும். வேதியியல் முறையில் கட்டியமைத்த ஆயிலிலோ அவை பெரும்பாலும் ஒரு சீராக இருக்கும். அதனால் அது கடுங்குளிரில் உறையாமல் ஓடும், கடும் வெப்பத்தில் எளிதில் கெடாது, நெடுநாள் உழைக்கும். புட்டியின் மேல் 5டபிள்யூ-30 என்று காண்கிறோமே, அதில் டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. முன்னுள்ள எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மையையும், பின்னுள்ள எண் எஞ்சின் சூடேறிய நிலையில் அதன் பாகுத்தன்மையையும் காட்டும். பனி உறையும் நாடுகளில் விடியற்காலையில் வண்டியைக் கிளப்பும்போது இந்த ஆயிலின் அருமை நன்கு தெரியும். பவானிக் கரையில் மார்கழி விடியலிலும் நீர் உறைவதில்லை. எனவே அந்நாட்டார் பெறும் பயன் முழுவதையும் நாம் எதிர்பார்ப்பதற்கில்லை. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏறும் வண்டிக்கு, வெப்பத்தைத் தாங்கும் குணம் பயன்படும். அது எஞ்சினின் ஆயுளைக் காக்கும் பயன். பெட்ரோலை மிச்சப்படுத்தும் பயன் அன்று.

இனிச் சிறு புட்டியைப் பார்ப்போம். பெட்ரோல் சரிவர எரியாமல் வீணாகிறது, இம்மருந்து அதனை முழுதும் எரிக்கும் என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். நல்ல நிலையிலுள்ள இக்கால எஞ்சினில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் பெட்ரோல் முன்னமே எரிந்துவிடுகிறது. எரியாமல் எஞ்சுவது இரண்டு மூன்று பங்கு. அதனை முழுவதும் எரித்தாலும் அவ்வளவே லாபம். இருபதும் முப்பதும் எங்கிருந்து வரும்? அமெரிக்க நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், எரிபொருளைச் சேமிக்கும் என்று விற்கப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளையும் கலவைகளையும் சோதித்தது. மிகச் சிலவே சிறிதளவு பயன் தந்தன. பெரும்பாலானவை ஒன்றும் தரவில்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கலாகாது. பெட்ரோலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டரில் அழுக்குப் படிந்து மைலேஜ் குறைந்த வண்டியில், அழுக்கை நீக்கும் கலவை இழந்ததை மீட்டுத் தரலாம். அது நோயாளிக்கு மருந்து. நோயற்றவனுக்கு அம்மருந்து வலிமை சேர்க்காது.

உண்மையாகவே பயன் தந்த கலவைகள் இல்லாமலும் இல்லை. 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்கர், ஈயச் சேர்மம் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் எஞ்சினில் தட்டல் ஓசை நின்றுவிடுவதைக் கண்டார். தட்டல் நின்றதால், கலவையை மேலும் அழுத்தி எரிக்கும் எஞ்சின்களைக் கட்ட முடிந்தது. அதே பெட்ரோலில் மிகுந்த வேலை கிடைத்தது. ஆனால் ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளையை அது கெடுக்கும். இந்தியா 2000-இல் அதனைக் கைவிட்டது. உலகின் சாலைகளில் 2021-இல் அது முற்றும் ஒழிந்தது. இவ்வரலாற்றில் கருத வேண்டியது ஒன்று உண்டு. ஈயம் ஆற்றலைக் கூட்டவில்லை. எஞ்சினை வேறு விதமாகக் கட்ட இடம் கொடுத்தது. பழைய எஞ்சினில் வெறுமனே ஊற்றியவர் மைலேஜில் பெரிதாக ஒன்றும் பெறவில்லை.

கரும்பு விளையும் நம் பகுதிக்கு நெருங்கிய கலவை எத்தனால். 2025-இல் இந்தியா பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் என்னும் அளவை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் 21 மெகாஜூல் அளவே. ஆதலின் கலந்த பெட்ரோல் ஒரு லிட்டரில், தூய பெட்ரோலைக் காட்டிலும் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு ஆற்றல் குறைவு. அதற்கென அமைத்த எஞ்சின் இக்குறையில் ஒரு பகுதியை ஈடு செய்யும். அயல்நாட்டு எண்ணெய்க்குக் கொடுக்கும் பணம் குறைவதும், உழவருக்கு விலை கிடைப்பதும் தனி நன்மைகள். அவற்றைத் தனியே எடைபோட வேண்டும். மைலேஜ் கணக்கோடு கலக்கலாகாது.

இக்கணக்கை மறந்தால் நேர்வது என்ன என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்டது. 1996-இல் இராசபாளையம் பகுதியைச் சேர்ந்த ராமர் பிள்ளை என்பவர், மூலிகையை நீரில் இட்டுக் காய்ச்சி எரிபொருள் செய்வதாகச் சொன்னார். நாடே வியந்தது. நீர் என்பது முன்னமே எரிந்து முடிந்த பொருள். அதில் எரிவதற்கு ஆற்றல் எஞ்சியில்லை என்று பள்ளிப் பாடமே கூறும். ஆயினும் நம்ப விரும்பியவர் பலர். பின்னர் அவர் விற்ற பொருள் மூலிகைச் சாறு அன்று, டொலுவீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களின் கலவையே என்று மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கும் வேறு நால்வருக்கும் மூன்றாண்டுச் சிறை விதித்தது. இதற்கிடையே இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

மாணவர்களே, இத்தகைய உறுதிமொழியை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பம்பில் டாங்கியை நிரப்பி, ஒரே வழியில், ஒரே பாரத்தோடு ஓட்டி, மீண்டும் நிரப்பி அளக்க வேண்டும். டயரின் காற்றும் ஒரே அளவில் இருத்தல் வேண்டும். ஈரோட்டுக்குப் போகும்போது ஆடிக்காற்று பின்னிருந்து தள்ளும். திரும்பும்போது எதிர்த்து நிற்கும். ஆகவே போக்கும் வரவும் சேர்த்தே கணக்கிடுக. மருந்து இல்லாமல் சில முறையும், இட்டுச் சில முறையும் ஓட்டுக. எப்போது இட்டது என்பதை ஓட்டுநருக்குச் சொல்லாதிருப்பது நலம். காசு கொடுத்து மருந்து வாங்கியவர், தம்மை அறியாமலே ஆக்சிலேட்டரை மெல்ல மிதிப்பார். அந்த நிதானம் தந்த சிக்கனம் புட்டியின் பெயரில் வரவாகிவிடும்.

நிதானமே உண்மையில் பெரிய மருந்து. விரைந்து கிளப்பிச் சட்டென நிறுத்தும் பழக்கம் மைலேஜில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேலும் தின்றுவிடும். டயரில் காற்றுக் குறைந்தால் இரண்டு மூன்று பங்கு வரை போகலாம். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் இருபடியாக வளர்கிறது. தயாரிப்பாளர் குறித்த ஆயில், சரியான காற்று, மிதமான வேகம் ஆகிய மூன்றும் செய்வதை எந்தப் புட்டியும் செய்வதில்லை.

அந்தியூர்ச் சந்தையில் மாடு வாங்கும் உழவர், விற்பவரின் சொல்லைக் கேட்பார். கேட்ட பிறகு பல்லையும் பிடித்துப் பார்ப்பார். அறிவியல் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அதுவே.