ஓடுபாதைக்குப் போகும் கார்: வேகத்துக்கு முன் பிரேக்

காரை வேகமாக்க விரும்பும் இளைஞர்கள் முதலில் கை வைப்பது இயந்திரத்தில். அடுத்தது சைலன்சர், பிறகு பெரிய சில்லுகள். பிரேக்கும் சஸ்பென்ஷனும் கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். ரேஸ் ஓடுபாதையில் அனுபவப்பட்டவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள்.

இலங்கைக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934 இல் தொடங்கியது. களுத்துறைக்கு அருகே கட்டுகுருந்த, தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் என்று தெற்கிலும் மலையகத்திலும் பந்தயத் தடங்கள் உண்டு. வடக்கில் அப்படியொரு நிரந்தரத் தடம் இல்லை. ஆனால் காரை மாற்றியமைக்கும் ஆர்வம் எங்கள் பிள்ளைகளிடமும் இருக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்தவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஜேர்மனியின் நூர்பேர்க்றிங்கில் கட்டணம் செலுத்தினால், 20.8 கிலோமீற்றர் நீளமான தடத்தில் சொந்தக் காரையே ஓட்டலாம்.

பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களை ஓட்டிய மண் இது. அந்தக் கைத்திறன் எத்தனையோ பேரை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தது. கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் பழக்கம் இன்றும் எங்கள் கராச்களில் உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. இயந்திரத்தில் செய்த சமாளிப்பு பிழைத்தால் வண்டி நின்றுவிடும். பிரேக்கில் செய்த சமாளிப்பு பிழைத்தால் வண்டி நிற்காது.

பிரேக்கில் நடப்பது என்ன?

பிரேக்கின் வேலை, ஓட்டத்தின் சக்தியை வெப்பமாக மாற்றுவது. 1000 கிலோ எடையுள்ள கார் ஒன்று 120 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 60 கிலோமீற்றருக்குக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மிதிப்பில் ஏறத்தாழ 417 கிலோ யூல் சக்தி வெப்பமாகிறது. ஒரு லீற்றருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வீதியில் இப்படி எப்போதாவது ஒருமுறை மிதிப்போம், பிறகு டிஸ்க் ஆறிவிடும். ஓடுபாதையில் ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை, ஆறுவதற்கு இடைவெளியே இல்லாமல் மிதிக்க வேண்டும். மிதிக்கும்போது காரின் பாரம் முன்பக்கம் சாய்வதால், வெப்பத்தின் பெரும்பங்கும் முன் பிரேக்குகளிலேயே சேரும்.

இந்த வெப்பம் இரண்டு விதமாகக் காலை வாரும். ஒன்று, பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிப்பை இழப்பது. அப்போது பெடல் இறுக்கமாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது. மற்றது, பிரேக் ஒயில் கொதிப்பது. ஒயிலுக்குள் நீராவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். எனவே பெடல் அடிவரை இறங்கிவிடும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரநியமம். ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 பாகை. டொட் 5.1 வகைக்கு இவை 260, 180. பெயர் ஒத்திருந்தாலும் டொட் 5 என்பது சிலிக்கோன் வகை. அதை மற்றவற்றுடன் கலக்கக்கூடாது.

ஆகவே முதல் வேலை செலவு குறைந்தது: பழைய ஒயிலை முழுவதும் அகற்றி, உற்பத்தியாளர் அனுமதித்த தரத்தில் புதியதை நிரப்பி, காற்றை வெளியேற்றுவது. இரண்டாவது, அதிக வெப்பம் தாங்கும் பேட். முழுமையான ரேஸ் பேட் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. வீதியிலும் ஓடும் காருக்கு அது ஆபத்து. மூன்றாவது, வெடித்த, வீங்கிய ரப்பர் ஹோஸ்களை மாற்றுவது. பெரிய டிஸ்க்கும் கலிப்பரும் இவற்றுக்குப் பிறகுதான். அவை வெப்பத்தைத் தாங்க உதவும். ஆனால் காரைக் கடைசியில் நிறுத்துவது ரயர். ரயரின் பிடிமானம் முடிந்த இடத்தில் எந்த பிரேக்காலும் பயனில்லை.

சஸ்பென்ஷன் ஏன்?

அந்த ரயரை நிலத்தோடு வைத்திருப்பதே சஸ்பென்ஷனின் கடமை. ஸ்பிறிங் காரைத் தாங்கும். ஸ்பிறிங்கின் துள்ளலை அடக்குவது சொக் அப்சோபர். இரண்டும் சோடியாக வேலை செய்ய வேண்டும். இறுக்கமான ஸ்பிறிங்கைப் பூட்டிவிட்டு தேய்ந்த சொக் அப்சோபரை அப்படியே விட்டால், கார் துள்ளும். துள்ளும் கணத்தில் ரயருக்குப் பிடிமானம் இல்லை.

காரைத் தாழ்த்துவதற்காக ஸ்பிறிங்கை வெட்டுவது எங்கள் ஊர்களில் காணும் மலிவான வழி. பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் சில்லு மேலும் கீழும் அசையும் தூரம் குறைந்துவிடும். வளைவின் நடுவே பள்ளம் ஒன்று வந்தால், சஸ்பென்ஷன் அடிதட்டி, ரயர் திடீரென வழுக்கும். சில்லு தொங்கும்போது வெட்டிய ஸ்பிறிங் தன் இருக்கையை விட்டு விலகவும் கூடும். பணம் போதாவிட்டால், காரைத் தாழ்த்தாமல், தேய்ந்த புஷ்களையும் போல் ஜொயின்ட்களையும் மாற்றி, நல்ல சொக் அப்சோபர் பூட்டி, சில்லுகளின் எலைன்மென்ற் பார்ப்பதே மேல்.

ஓடுபாதையில் இன்னும் சில ஒழுங்குகள் உண்டு. புதிய பேட்டைப் படிப்படியாகச் சூடாக்கிப் பழக்க வேண்டும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிட வேண்டும். நிறுத்திய உடனே கைபிரேக்கை இழுக்கக்கூடாது. காப்புறுதி ஒப்பந்தம் ஓடுபாதையையும் உள்ளடக்குகிறதா என்பதை முன்கூட்டியே வாசிக்க வேண்டும்.

ஒழுங்குகள் உள்ள இடத்திலும் உயிர் போகும். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் 8 வயதுச் சிறுமி. போட்டி நடக்கும் தடத்தில் கொடி காட்டுபவர்களும் மருத்துவ உதவியும் எதிரே வாகனம் வராத ஏற்பாடும் இருக்கும். ஏ9 வீதியில் இவை எதுவும் இல்லை. அங்கே மாடு குறுக்கே வரும், பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளில் வரும், வெளிச்சமில்லாத லான்ட்மாஸ்ரர் முன்னால் போகும்.

போருக்குத் தப்பிய பிள்ளையை வீதியில் இழந்த வீடுகள் எங்களிடையே இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து மாமாவோ அண்ணாவோ காருக்கென்று அனுப்பும் காசு முதலில் எதற்குப் போகிறது என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்கலாம். கடைசியாக பிரேக் ஒயில் மாற்றியது எப்போது என்பது அதில் முதல் கேள்வியாக இருக்கட்டும். இரண்டு வருடத்துக்கு மேல் என்றால், ஓடுபாதைக்குப் போகாத காருக்கும் அது மாற்ற வேண்டிய நேரம்.