நெறியாளரும் ஆய்வு மாணவரும்

முனைவர் பட்ட ஆய்வு, மாணவரின் தனி உழைப்பாகத் தோன்றினாலும், நடைமுறையில் அது ‘கைடு’ என வழங்கப்படும் நெறியாளரோடு குறைந்தது 3 ஆண்டுகள் நீளும் உறவாகும். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறியாளராக இருக்க இயலாது. மாணவரும் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியின் முன்னேற்றத்தை எடுத்துரைத்தாக வேண்டும்.

ஆனால் உரசல் பெரும்பாலும் விதிகள் எட்டாத இடத்திலேயே பிறக்கிறது. கொடுத்த இயல் எத்தனை வாரத்தில் திருத்தப்பட்டுத் திரும்பும், கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும், உதவித்தொகைப் படிவத்தில் ஒரு கையொப்பத்துக்காக எத்தனை முறை அறை வாசலில் நிற்க நேரும் என்பவற்றை மாணவர்கள் பட்டுத்தான் அறிகிறார்கள். நெறியாளர்களுக்கும் மனக்குறை உண்டு: மாதக்கணக்கில் தலைகாட்டாதவர், கெடு முடியும் வாரத்தில், பிழை மலிந்த ஆய்வேட்டை மேசையில் வைத்து ஒப்பம் கேட்பது அரிய காட்சியன்று. எனினும் இரு குறைகளும் ஒரே எடையுடையவை அல்ல. நெறியாளரின் தாமதம் மாணவரின் உதவித்தொகைக் காலத்தைத் தின்றுவிடுகிறது, மாணவரின் தாமதமோ நெறியாளரின் சம்பளத்தைத் தொடுவதில்லை. சொந்த வேலைகளுக்கு மாணவரை ஏவுவதோ எதிர்பார்ப்பு என்ற கணக்கிலேயே வராது. சந்திப்பு நாள், திருத்தக் கெடு, பெயர் வரிசை ஆகிய மூன்றையாவது முதல் பருவத்திலேயே பேசி எழுதிக்கொள்வதற்கு எந்த விதியும் தடையாக இல்லை.