கடல் தொட்டியின் அடியில் என்ன மணல்?

கடல் மீன்களையும் பவளப் பூச்சிகளையும் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஆர்வம் இன்று நம் நகரங்களிலும் பரவிவருகிறது. தங்க மீன் நான்கை விட்டு, வண்ணக் கற்களைக் கொட்டி வைப்பது போன்ற எளிய காரியமன்று இது. விளக்கு, மோட்டார், உப்பின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரரே சொல்லிக்கொடுத்துவிடுவார். ஆனால் அடியில் எதைப் பரப்புவது என்பதைப் பலரும் நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதிராம்பட்டினத்தில் இருக்கும் நமக்கோ இக்கேள்வியே வேடிக்கையாகத் தோன்றும். “கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மண்ணுக்கு அலைவானேன்?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள்.

நம் கரையில் இறங்கிப் பார்த்தால் விடை கிடைக்கும். காலடியில் இருப்பது பெரும்பாலும் சேறு. பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டைப் பக்கம் காவிரியின் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்த வண்டலில்தான் அலையாத்திக் காடு வேர் பிடித்து நிற்கிறது. சற்று ஆழத்தில், மணலும் சேறும் கலந்த அடித்தரையில் கடற்புல் வளர்கிறது. அப்புல்லை மேயும் கடற்பசுவுக்காகத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் ஏறத்தாழ 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆகவே நம் சேற்றை யாரும் இழிவாக எண்ண வேண்டாம்.

எனினும் பவளத்துக்கு அது ஆகாது. பவளப் பூச்சிக்குப் பற்றிக்கொள்ளக் கெட்டியான இடமும், வெயில் புகும் தெளிந்த நீரும் வேண்டும். மண்டபம், இராமேசுவரம், மன்னார் வளைகுடாத் தீவுகள் ஆகிய இடங்களில் அவை உண்டு. நம் கரையோரச் சேற்றில் அவை நிலைப்பதில்லை. சேற்றைத் தொட்டியில் போட்டாலும் இதே கதைதான். மீன் வாலை அசைக்கும்போதெல்லாம் நீர் கலங்கும். கலங்கிய துகள் பூச்சியின் மேல் படிந்து மூச்சை அடைக்கும். சேற்றின் உள்ளே காற்றும் புகாது. அங்கே கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது. சிறு தொட்டியில் அது மீன்களுக்கு நஞ்சு.

இந்த நாற்றம் நமக்குப் புதிதல்ல. நடவு வயலில் கால் புதையும்போது சில சமயம் எழுவது இதுவே. வயலை நினைத்தால் தொட்டியின் வேலையும் விளங்கிவிடும். வயற்சேற்றின் மேல்புறத்தில் மெல்லிய அடுக்கு ஒன்றில் மட்டும் காற்று உண்டு. அங்குள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட் காற்றில்லாத கீழ் அடுக்குக்கு இறங்கினால், வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கி மேலே விட்டுவிடுகின்றன. போட்ட யூரியாவில் ஒரு பங்கு இப்படியும் வீணாகிறது. உழவருக்கு நட்டமான இதே செயல் தொட்டி வைப்பவருக்கு இலாபம்! மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா அவருக்குப் பகை. அது வாயுவாகித் தொலைவதே அவருக்கு வேண்டியது. மொனாக்கோவில் ழான் ஜோபேர் என்னும் அறிஞர் 1980-களில் இதைப் பயன்படுத்தினார். அடியில் சிறிது நீர் இடைவெளி விட்டு, அதன்மேல் ஆழமான சுண்ண மணற்படுகை அமைத்து, பவளங்களை வளர்த்துக் காட்டினார்.

இத்தகைய ஆழ்ந்த படுகைக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் நுண்மணல் வேண்டும், பொறுமையும் வேண்டும். முதன்முதலாகத் தொட்டி வைப்பவர்களுக்கு அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் போதும். 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 4 சென்டிமீட்டர் உயரம் பரப்ப ஏறத்தாழ 16 லிட்டர் மணல் பிடிக்கும். எடை இருபது கிலோவைத் தாண்டும். மேசை தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்! பெருங்கற்களைப் பரப்பினால் அவற்றின் இடுக்கில் இரை தங்கி அழுகும். மிக நுண்ணிய பொடியோ நீரோட்டத்தில் பறக்கும்.

எந்தப் பொருள் என்பது அடுத்த கேள்வி. உலர்ந்த மணலில் சிறிது எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்புப் பொருள் உண்டு. காவிரி மணல் நுரைப்பதில்லை. அது பெரும்பாலும் படிகக்கல். நன்கு கழுவிய ஆற்று மணலால் தொட்டிக்குக் கெடுதியில்லை, உதவியுமில்லை. சுண்ண மணலோ, நீரின் காரத்தன்மை குறையும்போது சிறிதளவு கரைந்து ஈடுகொடுக்கும். அந்த உதவியையும் மிகைப்படுத்த வேண்டாம். பவளம் எலும்பு கட்டுவதற்கு வேண்டிய சுண்ணச் சத்தைத் தருவதற்கு அவ்வப்போது நீர் மாற்றுவதே முதல் வழி.

பவளக்கல்லையே நொறுக்கிப் போட்டால் என்ன? பலரும் விரும்புவது அதைத்தான். தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப் பாறைகளை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். அரணாக நின்ற பாறை போனதால் கடல் உள்ளே வந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விளாங்குசல்லி என்ற இரண்டும் நீரில் மூழ்கிப்போயின. 2001-ஆம் ஆண்டு முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. இராமேசுவரத்துக்குச் சுற்றுலா போகும்போது அழகாயிருக்கிறதென்று ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்வதும் கூடாது.

வெட்டிய இடத்தில் எஞ்சியவை உருண்டோடும் துண்டுகள். அவற்றின்மேல் புதுப் பவளம் நிலைகொள்வது கடினம். ஆகவே தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் சிமென்ட் சட்டங்களைக் கடலடியில் வைத்து, அவற்றில் பவளக் கிளைகளைக் கட்டி வளர்த்துவருகிறார்கள். கடலுக்கே அடித்தளம் தேடிக் கொடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது!

நம் கைக்கு எட்டுவது கிளிஞ்சல். கோழித் தீவனக் கடைகளில் சிப்பி ஓட்டுக் குறுணை விற்கிறார்கள், விலையும் குறைவு. அரகோனைட் என்னும் கடைமணலைவிட இது மெதுவாகவே கரையும். முனைகள் கூராக இருப்பதால் மணலில் புதையும் மீன்களுக்கு உகந்ததன்று. சல்லடையில் சலித்துத் தூசியை நீக்கி, நீர் தெளியும்வரை ஏழெட்டு முறை அலச வேண்டும்.

பரப்பும் முறையில் ஒன்று முக்கியம். பாறைகளை முதலில் கண்ணாடித் தளத்தின்மேல் நிறுத்திவிட்டுப் பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல்மேல் பாறை வைத்தால், குழி பறிக்கும் மீன் ஒன்றே அதைச் சாய்த்துவிடும். கடல்நீர் ஊற்றும்போது மணல்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் ஊற்றினால் குழி விழாது. கலங்கல் ஓரிரு நாளில் அடங்கும். நுண்ணுயிர்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்களாகும். நீரில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று சோதனையில் தெரிந்த பிறகே முதல் மீனை விட வேண்டும்.