அழும் சிசுவுக்கு அன்னையின் மார்பே அருமருந்து



“அழுத பிள்ளை பால் குடிக்கும்” என்பது நம் முன்னோர் வாக்கு. பால் உறிஞ்சவே வலுவில்லாத சிசு அழுதால் என்ன செய்வது? 37 வாரம் நிறையுமுன் பிறக்கும் குறைமாதக் குழந்தைகளில் சில, தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட இருக்க நேரிடும். அவற்றுள் சில ஓயாமல் சிணுங்கிக்கொண்டே இருக்கும்.

2017ஆம் ஆண்டில் என் பேரன் 29 வாரத்தில் பிறந்தான். “பச்சை உடம்பு, முப்பது நாள் தீட்டுக் கழியட்டும், நாங்கள் போய்ப் பார்த்து வருகிறோம்” என்று மகளை வீட்டிலேயே இருக்கச் செய்தவன் நான்தான். பத்தாம் நாள் ஒரு மூத்த தாதி என்னிடம், “ஐயா, நீங்கள் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போகிறீர்கள். இவன் அம்மாவைத் தேடுகிறான்” என்றார். காலமெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கு அன்று ஒரு பாடம் கிடைத்தது. அதனைத் தங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் அழுகிறது?

கருவறையில் இருள், இதமான சூடு, தாயின் இதயத் துடிப்பு. சிகிச்சைப் பிரிவிலோ கண்ணைக் கூசும் விளக்கு, கருவிகளின் ஓசை, ஊசிக் குத்து, பலரின் கைகள். பேசத் தெரியாத உயிருக்கு அழுகையே மொழி. கிருமித் தொற்று, குடலிறக்கம், மூச்சுத் திணறல் ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே முதலில் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அழுகை திடீரெனக் கூடினாலும், குழந்தை துவண்டு போனாலும் உடனே தாதியிடம் கூறுங்கள்.

கங்காரு முறை

1978ஆம் ஆண்டில், கொலம்பியாவின் பொகோத்தா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில் டாக்டர் எட்கர் ரேய் ஒரு வழி கண்டார். சிசுவைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி அணைத்துக் கட்டுவதே அது. அதன் பயனை 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு உறுதி செய்தது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள சிசுக்களிடம் இது நடந்தது. உடல்நிலை சீராகும்வரை காத்திருந்து அணைத்த பிரிவில், 28 நாளுக்குள் நூற்றுக்கு 15.7 சிசுக்கள் இறந்தன; பிறந்தவுடன் அணைக்கத் தொடங்கிய பிரிவில் 12.0 மட்டுமே. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், பிறந்தது முதலே நாளொன்றுக்கு 8 மணி நேரத்திற்குக் குறையாமல் இவ்வாறு அணைக்கலாம் எனப் பரிந்துரைத்தது.

பெற்றோர் செய்யத்தக்கவை

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். தாதியின் துணையோடு, அணையாடையும் தொப்பியும் மட்டும் அணிந்த குழந்தையை மார்பில் சேருங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு மறையாமல் இருக்கட்டும். ஒரு முறை அணைத்தால் ஒரு மணி நேரமாவது அசையாதிருங்கள். தந்தையும் செய்யலாம். என் மருமகன் செய்தார்.

2. வெளியில் எடுக்க இயலாதபோது, ஒரு கை தலையையும் மறு கை மடக்கிய கால்களையும் அணைத்தபடி அசையாமல் இருக்கட்டும். மெல்ல வருடுவது குறைமாதக் குழந்தைக்கு இதமாக இராது.

3. ஒரு நேரத்தில் ஒன்றே: தொட்டால் பேசாதீர்கள்; தாலாட்டினால் ஆட்டாதீர்கள். விரல்களை விரித்தாலோ, விக்கினாலோ, முகம் திருப்பினாலோ “போதும்” என்று பொருள்.

4. தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வாயில் வைக்காதீர்கள். தேனால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆபத்தான நச்சு நோய் வரலாம்.

வீடு திரும்பிய பின்னும் அழுகை கூடலாம். முதலில் குறித்த பிரசவத் தேதியிலிருந்து ஏறக்குறைய ஆறாம் வாரத்தில் அது உச்சம் தொட்டுப் பின் தணியும். சேலைத் தொட்டிலில் கழுத்து மடங்கி மூச்சு தடைப்படலாம். சமமான படுக்கையில் மல்லாத்திக் கிடத்துங்கள். எவ்வளவு எரிச்சல் வந்தாலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது. அது மூளையைக் காயப்படுத்தும்.

பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்

தாய்க்கு ஓய்வு தேவைதான். ஆனால் மருத்துவர் அனுமதித்த பிறகும் தீட்டைக் காரணம் காட்டித் தாயையும் சேயையும் பிரிக்க வேண்டாம். விபூதியையும் தாயத்தையும் இன்குபேட்டருக்குள் வைக்க வேண்டாம். அர்ச்சனை ஆலயத்தில் நடக்கட்டும்; அணைப்பு அங்கே நடக்கட்டும். தம்போயிலிருந்து மருத்துவமனைக்குக் காரில் கொண்டு விடுவதும், பத்தியச் சாப்பாட்டைத் தூக்குச் சட்டியில் எடுத்துச் செல்வதும் நம்மால் இயன்ற தொண்டு. இறைவனுக்கு உகந்ததும் அதுவே.

என் மகள் முதன்முதலாக மார்பில் அணைத்த அன்று, பேரன் சிணுங்குவதை நிறுத்தி உறங்கினான். இன்று தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான். அந்தப் பத்து நாட்களைத்தான் என்னால் அவனுக்குத் திருப்பித் தர இயலவில்லை.

அனைவரும் நலம் பெறுக!