பத்தின் இரு கூறுகள்: அல்-குவாரிஸ்மி வகுத்த எல்லை

இருபடிச் சமன்பாட்டில், தேடப்படும் எண்ணோடு மதிப்புக் கூறப்படாத மற்றோர் எண்ணும் இடம்பெறுவதுண்டு. அதனைத் துணையலகு என்பர். அங்கே ஒற்றை விடையைத் தேடுவது பயனற்றது. துணையலகு எந்த எல்லைக்குள் நின்றால் எத்தனை விடைகள் உண்டு என வரையறுப்பதே தீர்வாகும். இவ்வரையறையின் தெளிவான வடிவமொன்றை ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதிலேயே காண்கிறோம்.

கலீஃபா அல்-மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (கி.பி. 813–833) முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி இயற்றிய அல்ஜப்ர் நூல், சமன்பாடுகளை ஆறு வகைகளாகப் பகுக்கிறது. ஐந்தாம் வகைக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு இது: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு 21ஐக் கூட்டினால் அவ்வெண்ணின் பத்து மடங்கு கிடைக்கிறது. விடைகள் 3, 7.

தேடும் எண்ணை 'ய' எனவும், 21இன் இடத்தில் வரும் துணையலகை 'க' எனவும் கொள்வோம்.

ய² + க = 10ய

இதனை ய(10 − ய) = க எனவும் எழுதலாம். அதாவது, பத்தை இரு கூறாக்க வேண்டும். அவற்றின் பெருக்கம் 'க' ஆக வேண்டும். ஒரு கூறு 5இலிருந்து 'த' அளவு குறைந்தால் மற்றது அதே அளவு மிகும். பெருக்கம் 25 − த². ஆகவே த² = 25 − க.

'க' 25ஐ விஞ்சினால் மெய்யெண் விடை இல்லை. 25 எனில் விடை 5 மட்டுமே. 0க்கும் 25க்கும் இடையே எனில் இரு மிகை விடைகள். 0 எனில் விடைகள் 0, 10. 'க' குறையெண்ணாயின், ஒன்று மிகை, மற்றது குறை. −24க்கு 12, −2.

பாதியின் வர்க்கம் கொடுத்த எண்ணைவிடக் குறைந்தால் கணக்கு இயலாதது, சமமாயின் பாதியே விடை என்று அல்-குவாரிஸ்மி சொற்களாலேயே விதித்தார். இன்றைய தன்மைக்காட்டி, 100 − 4க, உரைப்பதும் இதுவே. அவர் குறையெண்களை ஏற்கவில்லை. பூச்சியத்தையும் விடையாகக் கொள்ளவில்லை. ஆதலால் 'க' 0 ஆகும்போது முதல் வகையும், குறையும்போது ஆறாம் வகையும் அவருக்குத் தேவைப்பட்டன. அவர் பிரித்துவைத்த மூன்று வகைகளை இன்று ஓர் எழுத்து இணைக்கிறது.

வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வாணிபம் ஆகியவற்றுக்குப் பயன்படவே இந்நூலை எழுதியதாக அதன் முன்னுரை கூறுகிறது. நடைமுறைக்கென எழுந்த அந்நூல், விடை காணும் வழியோடு விடை இல்லாத இடத்தையும் காட்டிச் செல்கிறது.